உயிரோடிருந்தவனின் கோட்டு

முதல் வெடிச் சத்தம் கேட்டபோது ரிப்பேகா பன்றிக்குக் கிழங்குத் தோல் கொட்டிக்கொண்டிருந்தாள். மலைச்சரிவில் எங்கோ பாறை உருண்டது என்றுதான் அவள் நினைத்தாள். பன்றி அப்படி நினைக்கவில்லை. பட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது ஓடியதுதான், அதன் வாலைக்கூட அப்புறம் யாரும் பார்க்கவில்லை. "நம்ம வீட்டுல புத்தியுள்ளது அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதுவும் போயிருச்சு" என்றான் அவள் புருஷன் ஹகராயா.

அந்தக் கோடை முழுக்க வெடி வாரத்துக்கு ஒரு வளைவாக மேலே ஏறி வந்தது. அவாரோவா ஆற்றில் கடல்முகத்திலிருந்து மேல்காடு வரைக்கும் முப்பத்தொரு மீன் அடைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குடும்பம், தலைமுறை தலைமுறையாக ஒரு சண்டை. நீராவிக் கப்பல் மேல்காடு வரை போயாக வேண்டும், குறுக்கே நிற்பது பாறையானாலும் மரமானாலும் அடைப்பானாலும் எல்லாம் தடைதான் என்று பட்டணத்து ஆற்று வாரியம் முடிவு கட்டிவிட்டது. லண்டனில் இருக்கும் கிழட்டு ராணியின் பெயரைப் போட்டுத் தாளும் வந்தது. அவள் விலாங்கு மீன் தின்றிருப்பாளா என்று ஹகராயா கேட்டான். தின்றிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாளா?

அந்த நாட்டில் கோடை முடிகிற ஏப்ரல் தொடங்கும்போது முப்பது போய்விட்டன. மிச்சம் ஒன்று. ரிப்பேகாவின் அடைப்பு, தே வாஹா. வாய் என்று அர்த்தம்.

ஆறு மலையிடுக்கில் நுரைத்து இறங்கும் இடத்தில் அது நின்றது. இரண்டு வரிசைக் கம்பங்கள், ஒவ்வொன்றும் ஆள் தொடை கனம். நடுநடுவே குச்சிகளை வரிந்து கட்டிய தட்டி. மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே போகப் போக நெருங்கி, கடைசியில் ஓர் ஆள் தோள் அகலத்துக்கு வந்து நிற்கும். அங்கே வலை, வலைக்குப் பின்னால் மீன் விழுகிற ஆளுயரக் கூடை, பறி. முதல் மழை வெள்ளத்தில் கடலுக்குப் புறப்படும் விலாங்கெல்லாம் அந்த வாய்க்குள் போய் விழ வேண்டியதுதான். மூன்று ஊர் ஆறு மாதம் அதைத்தான் தின்றது. பிளந்து, இலை சுற்றிச் சுட்டு, புகையில் காயவைத்தது. தலைச்சன் பிள்ளை பிறந்தாலும் அது, சாவு விழுந்தாலும் அது. ரிப்பேகாவுக்கு அது தாய்வழிச் சொத்து. கடைசிக் கம்பத்தை அவள் அம்மா ஊன்றினாள், தம்பி ராவிரி வயிற்றில் இருந்த வருஷம். அவனுக்கு நாலு வயசாகும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். வளர்த்தது ரிப்பேகா. இடுப்பில் அவனையும் தோளில் பறியையும் சுமந்துதான் அவள் அந்த ஆற்றில் இறங்குவாள்.

அந்த ராவிரிதான் இப்போது வாரியத்தின் வெடிக் கூட்டத்தில் ஆள். கொடுமையைக் கேளுங்கள்.

வெடிமருந்துப் பெட்டி வாங்கப் பட்டணம் போகிற அன்று காலையில் அவன் அக்கா வீட்டுக்கு வந்தான். வாரியக் கூலியில் போன மாதம்தான் புதுக் கோட்டு வாங்கியிருந்தான், ஊதா நிறம், பித்தளைப் பொத்தான். ரிப்பேகா ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்த பழையது கதவாணியில் கிடந்தது. அவள் சுங்கானில் புகையிலை பற்றவைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைக் கிளறினாள்.

"ரொட்டி இருக்கு. தின்னுட்டுப் போ" என்றாள்.

"கப்பல் கீழ்த்துறையோட நின்னு போகுதுக்கா. கோதுமை இங்க கெடந்து எலி திங்குது. உன் அடைப்பு ஒண்ணுதான் இப்போ குறுக்க."

"ஒண்ணுதானா? எல, உன்ன வயித்துல வச்சிருந்தப்போ அம்மா தின்னது எந்த மீனு?"

"தின்ன கதையவே பேசு. ஆனி செத்த கதையப் பேச மாட்டியே."

ஹகராயா தலையைக் குனிந்துகொண்டான். ஆனி, ராவிரியின் பெண்டாட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிள்ளை குறுக்கே கிடந்து, வள்ளத்தில் படுக்கவைத்துப் பட்டணத்து டாக்டரிடம் கொண்டுபோனார்கள். இரண்டு நாள். இரண்டாம் நாள் மத்தியானம் பட்டணத்துப் பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவள் கை விறைத்துப்போனது.

"வள்ளத்துல ரெண்டு நாளு. கப்பல்னா ஒரே பகல்" என்றான் ராவிரி. "ஒரே பகல்க்கா. பிள்ளை இப்போ ஓடித் திரிஞ்சிருக்கும். உன்ன அத்தைன்னு கூப்பிட்டிருக்கும்."

"தெரியும்டா. நானுந்தான் அழுதேன். ஆனா கப்பல்ல டாக்டர் மட்டுமா வருவான்? சாராயம் வரும். நெலத்த அளக்குறவன் சங்கிலியத் தூக்கிட்டு வருவான். மீனும் போயி மண்ணும் போனா அப்புறம் அவன் மாவு மூட்டைக்குக் கையேந்தி நிக்கணும்."

"நீ ஏந்தாத. நான் சம்பாதிச்சுப் போடுறேன்."

"நீ போடுறத நாய் திங்கும்."

ராவிரி எழுந்துவிட்டான். ரொட்டி அப்படியே கிடந்தது. "எட்டு நாள்ல வருவேன். வந்ததும் இதுதான் மொத வேலை. சொல்லலன்னு சொல்லாத."

"வா. அதுமேல நான் உக்காந்திருப்பேன். கொளுத்திப் பாரு."

"உக்காரு. தூக்கிக் கரையில போட்டுட்டுக் கொளுத்துவேன்."

"எனக்குத் தம்பி செத்தான்னு நெனச்சுக்கிறேன் போடா!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் சொல்லிய வாய் சும்மா இருந்ததா?

ஐந்தாம் நாள் வெடிக் கூட்டம் கீழ்த்துறையிலிருந்து நடந்து வந்து அடைப்புக்கு எதிரில் கூடாரம் அடித்தது. மேஸ்திரி டாபின் வெள்ளைக்காரன், சிவந்த கழுத்து, நல்லவனும் இல்லை கெட்டவனும் இல்லை. மற்ற ஏழு பேரும் கீழாற்று மாவோரிகள். கையில் மீதி இருந்த மருந்தை வைத்தே மறுநாள் தொடங்கிவிடலாம் என்று டாபின் கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்ததை ரிப்பேகா கரையிலிருந்து பார்த்தாள். எண்ணுகிறான் பாவி, ஆட்டுச் சந்தையில் எண்ணுகிற மாதிரி.

அவள் வீட்டுக்குப் போனாள். செங்காவியைச் சுறா எண்ணெயில் குழைத்தாள். பட்டிக்குக் கிடந்த நீளக் கம்பை எடுத்துத் தலையிலிருந்து கால் வரை சிவப்புப் பூசினாள். கதவாணியில் கிடந்த கோட்டை உருவினாள்.

ஆறு ஓர் ஆளை எடுத்துக்கொண்டால் அந்த இடத்தில் செங்கம்பம் ஊன்றி, செத்தவன் துணியைக் கட்டுவது வழக்கம். அதைக் கண்டபின் ஒருத்தனும் அந்தத் தண்ணீரில் இறங்க மாட்டான், மீன் தொட மாட்டான், வள்ளம் விட மாட்டான். செத்தவனின் உடம்பு கரைந்த தண்ணீர் அல்லவா அது? ஓதுகிறவர் வந்து ஓதிக் கம்பத்தைப் பிடுங்குகிற வரைக்கும் ஆறு செத்தவனுடையது.

ஹகராயாவுக்கு ஒரு கால் பழைய சண்டையில் குண்டடி பட்டு விளங்காமல் போனது. நொண்டிக்கொண்டே வாசலை மறித்தான்.

"ஏய், உயிரோட இருக்கிறவன் கோட்டு அது. வெளங்குமாடி?"

"இன்னும் மூணே நாளு. அவன் வந்ததும் அவுத்துருவேன். அதுக்குள்ள மழை எறங்கிரும், வெள்ளம் வந்தா அவனுங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த கோடை வரைக்கும் தாங்கும்."

"ஆத்துக்குப் பொய் சொல்லாத. மனுசனுக்குச் சொல்லு, பரவால்ல."

"நவுருங்க."

அவள் கம்பத்தை ஊன்றினாள், கோட்டைக் கட்டினாள், தலைமயிரை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி எடுத்தாள். ஏழு பேரும் கூடாரத்திலிருந்து ஓடிவந்தார்கள். யாரென்று கேட்டார்கள். "என் தம்பி. பட்டணம் பொறப்பட்ட அன்னைக்கே வள்ளம் இங்க கவுந்துருச்சு" என்றாள். அப்புறம் வந்த அழுகை பாதி நிஜம். பறிகொடுத்த மாதிரிதான் அவளுக்கு இருந்தது. ஏழு பேரும் கூடவே உட்கார்ந்து அழுதார்கள். ராவிரி அவர்களோடு ஒரே சட்டியில் தின்றவன்.

அவ்வளவுதான், வேலை நின்றுபோனது. டாபின் கத்தினான், கூலியை வெட்டுவேன் என்றான். ஒருத்தனும் அசையவில்லை. அந்தத் தண்ணீரில் தேநீர்கூட வைத்துத் தரமாட்டோம் என்றார்கள். பாவம், அவனே வாளியைத் தூக்கிக்கொண்டு மலை ஊற்றுக்கு ஏறினான்.

மூன்றாம் நாள் மழை இறங்கியது. இறங்கியது என்றால் வானம் பொத்துக்கொண்டு. ஆறு காப்பி நிறத்தில் ஏறியது. ஆனால் டாபின் எதிர்பார்த்ததைவிட, ரிப்பேகா எதிர்பார்த்ததைவிட, குறைவாகத்தான் ஏறியது. விலாங்குக்கு அது போதும். ஓட்டம் தொடங்கிவிட்டது. கரையில் நின்று பார்த்தாலே தெரிந்தது, வாய்க்குள் தண்ணீர் கறுப்பாகப் புரண்டது. பறி நிறைந்து, வலை புடைத்து, குச்சித் தட்டி முனகியது. வருஷத்தின் சாப்பாடு அங்கே துடிக்கிறது, கை வைக்க முடியாது. அவள் ஊன்றிய கம்பம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

"போயி எடு, உன் தம்பி உயிரோடதான இருக்கான்?" என்றான் ஹகராயா. குத்தலாகத்தான் சொன்னான். பொய்க் கம்பமானாலும் கம்பம்தானே? தொட அவளுக்கே பயம்.

மறுநாள் காலையில் கப்பல் கீழ்த்துறைக்கு வந்தது. அங்கிருந்து மருந்துப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ராவிரி கரைவழியே நடந்து வந்தான். கூடவே கப்பல் வேலைக்காரன் ஹோரி இன்னொரு பெட்டியோடு. ராவிரிக்குச் சின்ன வயசிலிருந்து கூட்டாளி, வாயைத் திறந்தால் கேலிதான். வளைவு திரும்பியதும் ஹோரிதான் முதலில் பார்த்தான்.

"ஏ மாப்ள, யாரோ போயிட்டாங்கடா" என்று தொப்பியைக் கழற்றினான். கிட்டே வந்து கோட்டைப் பார்த்தான். ராவிரியைப் பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அட, நீயாடா செத்துப்போனது? சொல்லவே இல்ல! நேத்து என் கறியில பாதியத் தின்னது யாரு, உன் பேயா?"

ஏழு பேரும் எழுந்து பின்வாங்கினார்கள். அதில் ஒருவன் சிலுவைக்குறி போட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிறிஸ்தவன், அன்று செவ்வாய்.

ராவிரி சிரிக்கவில்லை. கம்பத்தைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தான். கோட்டை உருட்டி ஆற்றில் எறிந்தான். ரிப்பேகா ஓடிவருவதைப் பார்த்தான்.

"என்ன வளத்தவளா நீ?" என்றான். "ஆத்துக்கு என்னயக் குடுத்துட்டியே அக்கா."

"மூணு நாளைக்குத்தான்டா... கண்ணு, நான் சும்மா..."

"கிட்ட வராத."

ஹோரி அவள் பக்கம் குனிந்து, "அடுத்த தடவை என் கோட்டு வேணுமா அக்கா? கிழிசல்தான், ஆனா எனக்குக் கடன்காரன் ஜாஸ்தி, செத்துப்போனா வசதி" என்றான். அவளுக்கே ஒரு நொடி சிரிப்பு வந்தது. மத்தியானம் அவன் கப்பலோடு பட்டணம் திரும்பிவிட்டான். அந்தக் கதையை ஆறு முழுக்க, துறைக்குத் துறை, சொல்லிக்கொண்டே போனான்.

ஏழு பேர் ராவிரியோடு உட்காரவில்லை. அவன் தொட்ட சட்டியில் தின்னவில்லை. அவன் பெயர் ஆற்றுக்குச் சொல்லியாகிவிட்டது, கம்பத்தைத் தன் கையாலேயே முறித்தும்விட்டான். ஓதுகிறவர் மேல்காட்டில் இருக்கிறார், இரண்டு நாள் ஆகும், அதுவரை அவனோடு ஒரே தண்ணீரில் இறங்க மாட்டோம் என்றார்கள். "ரெண்டு நாள் இல்லை. நாளைக்கு வேலை. இல்லை, எல்லாரும் வீட்டுக்குப் போ" என்றான் டாபின், தனக்குத் தெரிந்த மாவோரிப் பேச்சில்.

"நான் ஒருத்தனே பண்றேன்" என்றான் ராவிரி. "செத்தவனுக்கு என்ன பயம்?"

மறுநாள் விடிந்ததும் ஊதாக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவன் இறங்கினான். வெடி வைக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டி, கரையில் இரண்டு பேர் பிடிப்பது முறை. அன்று கயிறு கரையில் சுருண்டு கிடந்தது. பிடிக்க ஆள் இல்லை. டாபின் பிடிக்கிறேன் என்றான், ராவிரி வேண்டாம் என்று கையை ஆட்டினான். கம்பங்களின் தலையில் நீளவாக்கில் கட்டிய மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பமாகத் தாண்டிக் கடைசிக் கம்பம் வரைக்கும் போனான்.

அங்கே ரிப்பேகா உட்கார்ந்திருந்தாள். சொன்னபடி. கையில் விலாங்கு அடிக்கும் கட்டை.

"எந்திரி" என்றான்.

"மாட்டேன். தம்பி, கேளு. கோட்டு கட்டுனது தப்பு. கால்ல விழுறேன். ஓதுறவர் வரட்டும், உன்னய மீட்டுக்கிறேன். இன்னைக்கு மட்டும் தண்ணியில நிக்காத."

"எந்திரிக்கா."

"இது அம்மா வச்ச கம்பம்டா!"

அவன் மருந்துக் குச்சிகளைக் கம்பத்தில் கட்டத் தொடங்கினான். அவள் பிடுங்கி ஆற்றில் போட்டாள். அவன் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான், சொன்னபடி அவனும். அவள் அவன் காதைக் கடித்தாள். அவன் அறைந்தான். பிறந்ததிலிருந்து அவன் அவள்மேல் கை நீட்டியதில்லை. அறை விழுந்ததும் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டையை ஓங்கினாள். முதல் அடி தோளில். இரண்டாவது வலது முழங்கையில், எலும்பு முறிந்தது கரைவரை கேட்டது. அவன் அலறிக்கொண்டு இடது கையால் மேல்கட்டையைப் பற்றினான். மூன்றாவது அடி அந்த விரல்களில் விழுந்தது.

அந்த மூன்றாவது அடியைத்தான் அவளால் கடைசி வரைக்கும் யாருக்கும் சொல்ல முடியவில்லை.

அவன் வாய்க்குள் விழுந்தான். ஆறு அவனைத் தட்டியோடு தட்டியாக இழுத்துத் தோள் அகல இடுக்கில் கொண்டுபோய்ச் சொருகியது. வலை முழுக்க இரண்டு நாளாக எடுக்காத விலாங்கு. போகவும் வழியில்லை, மேலே வரவும் வழியில்லை. ஒரு கை மட்டும் தண்ணீருக்கு மேலே, விரல் உடைந்த கை, கட்டையைத் தேடித் தேடி அடித்தது.

"கயித்தப் போடுங்கடா! ஏ, கயித்தப் போடுங்க!" என்று ரிப்பேகா கரையைப் பார்த்து அலறினாள்.

ஏழு பேர் கரையில் நின்றார்கள். பாதகர்கள் இல்லை அவர்கள், பயந்தவர்கள். ஒருவன் முழங்கால் வரை இறங்கிவிட்டுத் திரும்பினான். ஆறு தனக்குச் சொன்னதை எடுக்கிறது, குறுக்கே யார் போவது? டாபின்தான் கோடரியோடு மேல்கட்டை மேல் தவழ்ந்து வந்தான். பாதியில் கால் வழுக்கித் தொங்கினான். அவள் கோடரியைப் பறித்தாள்.

வெட்டினாள். அம்மா வைத்த கம்பத்தை. தெறிக்கும் ஒவ்வொரு மரச் சிம்புக்கும் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு. நாற்பது வருஷம் தண்ணீர் குடித்து இரும்பாகியிருந்தது அது. கை அடிப்பது நின்றபிறகும் வெட்டினாள். கம்பம் சாய்ந்ததும் அடுத்தது சாய்ந்தது, பிறகு தட்டி கிழிந்தது, அந்த வரிசை முழுக்க மளமளவென்று ஆற்றோடு போனது. வலை பிளந்து நூற்றுக்கணக்கில் விலாங்கு வழிந்து ஓடியது. அதன் நடுவே ராவிரி புரண்டு வந்தான்.

அவளே நீந்திப் பிடித்தாள். கரையில் போட்டுக் குப்புறத் திருப்பி முதுகில் குத்தினாள், வாயில் ஊதினாள். ஹகராயா நொண்டிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்துகிற வரைக்கும் ஊதினாள்.

"போதும் ரிப்பேகா. விடு" என்றான்.

"நான் கொன்னுட்டேங்க."

ஹகராயா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, செத்தவன் விரல்களை ஒவ்வொன்றாக நேராக்கினான்.

டாபின் அன்று சாயங்காலம் வாரியத்துக்குச் சீட்டு எழுதினான். தே வாஹா தடை அகன்றது, அகற்றியவர் உரிமையாளரே, மருந்துச் செலவு இல்லை. ஆள் செத்ததைத் தனித் தாளில் எழுதினான்.

மூன்று நாள் துக்கம். மூன்று ஊரும் வந்தது. சாவுக்குப் போடும் விலாங்கு இல்லாமல் வாரியக் கடை மாவில் ரொட்டி சுட்டுப் போட்டார்கள். யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இளைப்பாறியிருப்பாள். அவனைப் புதைத்ததும் அவள் மறுபடி செங்காவி குழைத்தாள். மறுபடி கம்பு வெட்டினாள். அவன் மேலிருந்து கழற்றிக் காயவைத்த ஊதாக் கோட்டைக் கட்டி ஆற்றங்கரையில் ஊன்றினாள். இந்தத் தடவை ஒப்பாரி வரவில்லை.

மேலாற்றிலிருந்து இரண்டு வள்ளங்கள் வந்தன. அவள் ஜனம்தான், துக்கத்துக்கு வராதவர்கள், தூண்டிலோடு. கம்பத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் துடுப்பை நிறுத்தினார்கள். "அந்தப் பொய்க் கம்பந்தான்" என்றான் முன்னால் இருந்தவன், பின்னால் இருந்தவன் தோளைக் குலுக்கினான். கடந்து போனார்கள். அவள் அவர்களைத் திட்டவில்லை.

மத்தியானம் கப்பல் வந்தது. கீழ்த்துறையில் நிற்காமல், முதல் தடவையாக மேலே. புகை கக்கிக்கொண்டு, சக்கரம் தண்ணீரை அறைய அறைய, அவள் வெட்டிய இடைவெளிக்குள் நுழைந்தது. மேல்தளத்தில் குடை பிடித்த வெள்ளைக்காரிகள், மாவு மூட்டைகள், மூங்கில் பெட்டியும் சங்கிலியுமாக இரண்டு நில அளவைக்காரர்கள், கறுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு டாக்டர். கப்பலின் முன்முனையில் ஹோரி கழியோடு நின்றான். கம்பத்தைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"அக்கோவ்!" என்று கையை வாயில் குவித்துக் கூவினான். "இன்னைக்கு யாரு கோட்டு?"

கப்பலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ரிப்பேகா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டின் பக்கமாகக் கையை மட்டும் காட்டினாள்.

காற்று அடித்துக் கோட்டு விரிந்தது. பித்தளைப் பொத்தான் வெயிலில் மின்னியது. பட்டணத்துக் கடையில் அந்தப் பொத்தான்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, விலை பேசி, ராவிரி தோளில் போட்டு அழகு பார்த்தவனே ஹோரிதான்.

கழி அவன் கையிலிருந்து விழுந்தது. திரும்பி மேலே பார்த்து, "நிறுத்துங்க! ஐயா, கப்பல நிறுத்துங்க!" என்று கத்தினான். நடு ஓட்டத்தில் கப்பலை நிறுத்தினால் பாறையில் போய் மோதும். அது போய்க்கொண்டேயிருந்தது.